பெண்டு எடுத்த கதை

புல்லட் என்று சொன்னாலே இப்போதெல்லாம் ஆட்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. அப்பா வண்டி, தாத்தா வண்டி, அந்த டப் டப் சத்தம், அந்தக் கம்பீரம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதையே தினமும் உதைத்துக் கிளப்பி வேலைக்குப் போனவர்களுக்கு அந்தக் காலத்தில் கண்ணெல்லாம் கலங்கியதில்லை. மணிக்கட்டு வலித்தது. என் தாய்மாமாவுக்குத் தோள்பட்டையும் சேர்த்து. அவருடைய வண்டி விட்டால் இடது பக்கமே போகும். அதை நேராகப் போக வைப்பது ஒரு தனி உத்தியோகம், சம்பளம்தான் கிடையாது.

காரணம் முன் ஃபோர்க். இரண்டு பைப்பில் ஒன்று வளைந்திருந்தது, இரண்டு காலிலும் புஷ் தேய்ந்திருந்தது. எப்படி வளைந்தது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. மாமா கட்சியில் ஒரு எருமை குறுக்கே வந்தது. அத்தை கட்சியில் எருமையே கிடையாது. ஒரு சுவர் இருந்தது, அது வெகுகாலமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. எனக்கு இரண்டு பக்கமிருந்தும் பலகாரம் வந்துகொண்டிருந்ததால் இன்றுவரை கருத்துச் சொல்லவில்லை.

மாமா தண்டையார்பேட்டைக்காரர். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. 1970-இல் ஓட ஆரம்பித்த அந்த நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். மாமா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். கடலை ஒட்டிப் போகிற சாலை. ஒரு பக்கம் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் சாம்பல், நடுவில் லாரி. மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்துக்குச் செய்யக்கூடிய கெடுதல்கள் அத்தனையையும் ஒரே சாலையில் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தச் சாலைக்கு வழியில்தான் திருவொற்றியூர். வண்டி பிறந்த ஊர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச்சைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டும் கூட்டாகத் தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததால் வந்த யோகம். முதலில் பெட்டியில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சும் கருவியும் வாங்கி, அறுபதுகளின் தொடக்கத்துக்குள் முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். ஆக மாமாவின் வண்டி போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் தன் பிறந்த வீட்டு வழியே கோணிக்கொண்டு போய்வந்தது. ஆனால் ஒரு புஷ் வேண்டுமென்றால் ஆலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும்.

ஃபோர்க் என்பது பார்க்கச் சாதாரணமான ஏற்பாடு. மேலே நிற்கிற பைப், அதன்மேல் ஏறி இறங்குகிற கீழ்க்கால், இரண்டும் உரசாமலிருக்க நடுவில் புஷ், உள்ளே ஸ்பிரிங், அடியில் கொஞ்சம் எண்ணெய். பள்ளத்தில் விழுந்தால் கால் மேலே ஏறும். எண்ணெய் இடுக்கு வழியாகப் பிழிபட்டு வெளியேறும். அந்தப் பிழிபடுதல்தான் துள்ளலைத் தின்கிறது. எண்ணெய் இல்லையென்றால் வெறும் ஸ்பிரிங்; ஒரு பள்ளத்துக்கு ஒன்பது குதி. எண்ணெயில் தணிகிற இந்த ஃபோர்க்கை விற்பனைக்கு வந்த வண்டியில் முதலில் மாட்டியவர்கள் பிஎம்டபிள்யூக்காரர்கள், 1935-இல், ஆர்12 என்ற மாடலில். அதுவரை பெரும்பாலான வண்டிகளின் முன்பக்கத்தில் கம்பிச் சட்டமும் வெளியே தெரிகிற ஸ்பிரிங்கும்தான். இரண்டாம் உலகப்போரில் பாராசூட்டில் இறக்குவதற்கென்று ராயல் என்ஃபீல்டு செய்த சின்ன வண்டி ஒன்று உண்டு. ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று பெயர். அதன் முன்பக்கத்தில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. புதுப்பேட்டையில் மாமா வண்டிக்குள் போன ரப்பரைப் பார்த்தவன் நான்.

புதுப்பேட்டை அப்போது எப்படி இருந்தது என்று இன்று ஆளாளுக்கு உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்கு நினைவிருப்பது கிரீஸ் வாசனையும், எங்கே உட்கார்ந்தாலும் பேண்ட்டில் ஒட்டுகிற கறுப்பும். பிரித்துப்போட்ட கார்கள், லாரி அச்சுகள், பெயர் தெரியாத எந்திரங்களின் குடல்கள். அதற்கு நடுவே மாமாவின் மெக்கானிக் பாயின் பட்டறை. பட்டறை என்றால் ஒரு வைஸ், ஒரு கட்டை, தகரக் கூரை, பழைய கடை ஷோகேசிலிருந்து வந்த தடிமனான கண்ணாடிப் பலகை ஒன்று. இந்தக் கண்ணாடிதான் அவருடைய பரிசோதனைக் கூடம்.

வண்டி வந்ததும் பாய் முதலில் நோய் எது என்று பார்ப்பார். முன் பிரேக்கைப் பிடித்தால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட் போயிருந்தாலும் அதே சத்தம், புஷ் தேய்ந்திருந்தாலும் அதே சத்தம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சீட்டில் என்னை உட்கார வைப்பார்கள். முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். என் முதல் தொழில்நுட்பப் பணி அதுதான், எடையாக இருப்பது. பாய் கீழ்க்கால் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார். ஆட்டிக்கொண்டே ஒரு விரலை மேலே கோன் கிண்ணத்தின் இடுக்கில் வைப்பார். அங்கே விரலில் அசைவு தட்டினால் கோன் செட். அங்கே ஒன்றும் இல்லாமல் கீழே கால் மட்டும் லொடலொடத்தால் புஷ். இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்த பிறகு கோன் செட்டைத்தான் மாற்றுவார். அதுதான் விலை குறைவு. மாமாவும் தலையாட்டுவார்.

‘டொக்’ போகாது. அடுத்த சம்பளம் வந்ததும் ஃபோர்க்கைப் பிரிப்பார்கள்.

பழைய புல்லட்டில் பைப்பின் மேல்பகுதியை ஒரு தகர மூடி மறைத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் லட்சணம். மூடியைக் கழற்றினால்தான் எண்ணூர்க் காற்று என்ன செய்திருக்கிறது என்று தெரியும்: பைப்பில் அம்மைத் தழும்பு. ஒவ்வொரு குழியின் விளிம்பும் ஒரு சின்னக் கத்தி. ஆயில் சீலின் உதடு அதன்மேல் ஏறி இறங்க, ஏறி இறங்க, கிழிந்துவிடும். கிழிந்த சீல் வழியாக எண்ணெய் காலோடு வழிந்து கீழே இறங்கும். கீழே இருப்பது முன் பிரேக் டிரம். எண்ணெய் குடித்த பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்பதை அத்தை கட்சிச் சுவரிடம்தான் கேட்க வேண்டும்.

பைப்பைக் கண்ணாடியின்மேல் வைத்துப் பாய் உள்ளங்கையால் உருட்டுவார். நேரான பைப் சத்தமில்லாமல் உருளும். வளைந்தது ஒரு இடத்தில் தயங்கி, அப்புறம் தானாகவே கவிழும். அடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. நேராக மோதிய வண்டிகளில் அந்தக் கோடு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழும், இரண்டு பைப்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கீழ் டி-க்குச் சற்றுக் கீழே. பைப் அங்கேதான் முட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. மோதல் முழுக்க அங்கே வந்து சேர்கிறது. பிறகு இரும்புச் சட்டத்துக்குள் பைப்பைக் கிடத்தி, லாரி ஜாக்கியை வைத்து மெல்ல மெல்ல அமுக்குவார். நேராகும்வரை அமுக்கினால் போதாது. விட்டதும் பாதி திரும்பிவிடும். எவ்வளவு தாண்டி அமுக்கினால் எங்கே வந்து நிற்கும் என்பதுதான் வித்தை. பாய் அதற்கு அளவுகோல் எதுவும் வைத்திருக்கவில்லை. பீடியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளுவார். அதுதான் நிறுத்தும் அடையாளம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை ஒரு முறை செய்யலாம். அதே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்தால் இரும்பு களைத்துப்போகும், ஒரு நாள் சொல்லாமல் முறியும். பாய்க்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கு முன்பும் அதே இடத்தில் சாக்பீஸ் கோடு விழும்.

குழிகளை என்ன செய்வது? இரண்டு ட்யூபைக் கலக்கிப் பூசுகிற பசையை வைத்து அடைத்து, எமரித் தாளால் தேய்த்து மழுங்க அடித்தார். சீலுக்கு முட்டுக்கொடுக்க சைக்கிள் ட்யூபிலிருந்து வளையம் வெட்டி அடியில் சொருகினார். ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் மேலே வாஷர்களை அடுக்கினார். எண்ணெய்? காலுக்கு ஏறக்குறைய 200 மில்லி ஊற்ற வேண்டும். மில்லி யாரிடம் இருந்தது! டீ கிளாஸ்தான். என்ன எண்ணெய் என்று கேட்கக்கூடாது.

“நேராயிடுச்சா பாய்?” என்று மாமா கேட்டார்.

“நேராயிடுச்சுன்னு நான் சொல்லல சார். நீங்க போற வேகத்துக்குத் தெரியாதுன்னு சொல்றேன்.”

அந்தத் தொழிலில் நான் கேட்ட மிக நேர்மையான வாசகம் இதுதான். அந்தக் காலத்து மெக்கானிக்கின் கைராசி, அந்தக் காலத்து வேலைத்திறன் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். திறமை நிச்சயமாக இருந்தது. ஆனால் அது சரிசெய்கிற திறமை இல்லை. தெரியாமல் பார்த்துக்கொள்கிற திறமை. புதுப் பைப் ஜோடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்தது. மாமாவின் சம்பளத்தில் அது கிடைக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். அதற்குக் கலை, மரபு என்றெல்லாம் பெயர் வைத்தது பின்னால் வந்தவர்கள்.

வண்டியும் இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது.

இப்போது வேறு காலம். மாமா இல்லை. வண்டி பல வருடம் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய்க்குள் கிடந்தது. மாமா பையன், அதாவது என் மச்சான், நியூ ஜெர்சியில் இருக்கிறான். ஐம்பது வயது முடிந்த அன்று அவனுக்குத் திடீரென்று அப்பா வண்டி ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி போன் பண்ணினான்.

“அத்தான், அப்பா வண்டிய ரிஸ்டோர் பண்ணணும். எவ்வளவு ஆனாலும் பரவால்ல. ஆனா எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்.”

எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்பதையும் ஒரிஜினல் என்பதையும் மாமாவின் வாழ்நாளில் அந்த வண்டி ஒரே வாக்கியத்தில் கேட்டதே இல்லை. முதலில் பழைய பாசத்தில் புதுப்பேட்டைக்குப் போனேன். பாயின் இடத்தில் அவர் மகன். எல்இடி விளக்கு, சத்தம் போடுகிற சைலன்சர், ஹேண்டில் பாரில் தொங்கவிடுகிற வண்ணக் குஞ்சம் விற்கிறார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார்.

“பெண்டா? யாரு சார் இப்ப பெண்டு எடுக்குறா? ஜோடியா வாங்கிப் போட்டுடுங்க. அத்தா பண்ணதெல்லாம் நீங்க நம்பிட்டிருக்கீங்களா?”

கண்ணாடிப் பலகை என்ன ஆயிற்று என்று கேட்டேன். சின்ன வயதில் கிரிக்கெட் விளையாடி அவரே உடைத்துவிட்டாராம்.

கடைசியில் வண்டி போய்ச் சேர்ந்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஸ்டூடியோவில். பட்டறை என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது. ஏசி உண்டு. காபி உண்டு, பில்லில் சேரும். தரையில் இட்லி வைத்துச் சாப்பிடலாம். தாடியும் தோல் ஏப்ரனுமாக ஒரு தம்பி, மெக்கானிக்கல் இன்ஜினியர், பெரிய கார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். என்னை அங்கிள் என்றார். வண்டியைக் கீழ்ஸ்தாயியில் ‘இவர்’ என்றார்.

ஃபோர்க்கைப் பிரிக்கும்போது என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒவ்வொரு உருப்படியையும் வெள்ளைத் துணிமேல் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்தார். பாயின் சரித்திரம் வெளியே வந்துகொண்டே இருந்தது. கல்லாகிப்போன பசை. கறுத்துச் சுருண்ட சைக்கிள் ட்யூப் வளையம். அளவுக்கு ஒன்றாக வாஷர்கள். அவற்றில் ஒன்று வாஷரே இல்லை, நடுவில் ஓட்டை போட்ட பத்துப் பைசா.

“இது என்ன அங்கிள், ஸ்பேசர் கிட்டா?”

“ஆமா தம்பி. அந்தக் காலத்து அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன்.”

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

பைப்பை இரண்டு வி-பிளாக்கின்மேல் கிடத்தி, டயல் கேஜின் முள்ளை நடுவில் வைத்து மெதுவாகச் சுற்றினார். முள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. அது காட்டுகிற எண் வளைவின் இரண்டு மடங்கு, பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். பாதியே தாராளமாக இருந்தது. ஆச்சரியம் வேறு இடத்தில். வளைந்த பைப் என்று இத்தனை காலம் நாங்கள் திட்டிக்கொண்டிருந்தது ஓரளவு நேராகத்தான் இருந்தது. ஜாக்கிக்கே போகாத மற்றொன்றுதான் அதிகம் வளைந்திருந்தது. பாய் ஒன்றை மற்றொன்றுக்குப் பொருத்தமாக வைத்திருக்கிறாரா, அல்லது எருமையும் சுவரும் இரண்டுமே உண்மையா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். தம்பி மைக்ரோமீட்டரால் அளந்து, முன்முகமும் பின்முகமும் பக்கங்களைவிட அதிகம் தேய்ந்திருப்பதைக் காட்டினார். பிரேக் பிடிக்கும்போது தள்ளுவதும், பள்ளத்தில் அடிபடுவதும் முன்பின்னாகத்தானே. வட்டமாகப் பிறந்த பைப் முட்டை வடிவமாக ஆகிவிட்டிருக்கிறது. புது புஷ் போட்டாலும் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் ஆடும்.

ஆக இரண்டே வழி. பைப்பை நிமிர்த்தி, கிரைண்டிங்கில் வட்டத்துக்குக் கொண்டுவந்து, கெட்டிக் குரோம் ஏற்றி, மறுபடி கிரைண்டிங்கில் பழைய அளவுக்கு இறக்குவது. இல்லையென்றால் புதுசு.

வீடியோ காலில் மச்சானுக்குக் காட்டினோம். அவன் உடனே முடிவு சொன்னான். “பைப்ப மாத்தக்கூடாது. அது அப்பா பைப்.”

அப்பா அந்தப் பைப்பைத் தூக்கி எறிய ஆயுள் முழுக்க ஆசைப்பட்டார் என்பதை நான் எப்படிச் சொல்வது?

பழுதுபார்க்கும் வழியைத் தேடி அம்பத்தூர் பக்கம் அலைந்தோம். கெட்டிக் குரோம் என்பது கண்ணாடி மாதிரி பளபளக்கிற பம்பர் குரோம் அல்ல. பம்பரில் பளபளப்புக்குக் காரணமே அடியில் இருக்கிற நிக்கல்தான், மேலே குரோம் ஒரு மெல்லிய தோல். இது கனமாக ஏற வேண்டும். பொக்லைன் எந்திரத்தின் கை நீளுகிறதே, அந்தத் தண்டுக்குப் போடுகிற சமாச்சாரம். போடுகிற இடங்கள் உண்டு. ஆனால் அவர்கள் பொக்லைன் தண்டுகளைக் குவியல் குவியலாகத் தொட்டியில் இறக்குகிறவர்கள். ஒல்லியாக இரண்டு பைப்பைப் பார்த்துவிட்டு ஒரு மேஸ்திரி என்னை மிகவும் அன்போடு கேட்டார்: “சார், இது ரெண்டுக்கும் நீங்க குடுக்குற காசுல நாலு புதுசு வாங்கலாமே, வீட்ல சொல்லிப் பாத்தீங்களா?” அந்தக் காலத்தில் புதுசு வாங்க வக்கில்லாமல் பழுதுபார்த்தோம். இந்தக் காலத்தில் பழுதுபார்க்கிற அளவுக்கு வசதி வேண்டியிருக்கிறது.

முடிவில் தம்பி ஒரு போடு போட்டார். நிமிர்த்திய பைப்புக்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது, முறிந்தால் உயிர் போகும், ஓட்டப்போகிறவரிடம் எழுதி வாங்கிக்கொள்வேன் என்றார். ஓட்டப்போகிறவர் நான். நான் எழுதிக் கொடுப்பதாக இல்லை. மச்சான் இறங்கி வந்தான். ஆனால் புதுப் பைப் இங்கே வாங்கக்கூடாதாம். இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டுமாம். அங்கேதான் தரம்.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இந்த வண்டிக்கும் உள்ள கணக்கைக் கொஞ்சம் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடியது. மிச்சமிருந்த உற்பத்தியும் 1970-இல் நின்றது. அங்கே செத்துப்போன மாடலைத் திருவொற்றியூரில் அதே அச்சில் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1977-இல் இங்கிருந்து அங்கே ஏற்றுமதி ஆரம்பம். தாத்தா வண்டி புதுசாகக் கிடைக்கிறதே என்று அவர்கள் கண் கலங்கி வாங்கினார்கள். கலங்கும் பழக்கமே அங்கிருந்து வந்ததோ என்னவோ. பழைய புல்லட்டுக்குப் பாகம் விற்கிற கடைகள் அங்கே இன்றும் உண்டு, பட்டியல் பிரமாதம். பார்சல் வந்தது. சுங்க வரி கட்டினேன். பெட்டியைப் பிரித்தால் நுரைத்தாள், அதற்குள் நுரைத்தாள், அதற்குள் மெழுகுத்தாள். மெழுகுத்தாளில் சின்ன எழுத்தில்: மேட் இன் இந்தியா.

மச்சானுக்கு அந்தத் தாளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பவில்லை.

பூட்டுவதில் ஒரு சிக்கல் வந்தது. இந்த வண்டியில் பைப்பின் தலை மேலே ஹெட்லைட் டூமிலேயே மரையில் ஏறும்; பக்கத்தில் இரண்டு குட்டி டைகர் லாம்ப் வைத்த அந்த அலுமினிய டூம்தான் மேல் பிடியும்கூட. பாயின் காலத்தில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி மரை மழுங்கியிருந்தது. இங்கிலீஷ் சைக்கிள் மரை, அங்குலத்துக்கு 26 சுற்று. பக்கத்து ஹார்டுவேர் கடையில் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். ஏப்ரன் தம்பி இணையத்தில் மரை வெட்டுகிற டேப் தேடிக்கொண்டிருந்தார். கதவு ஓரத்தில் தரை கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து விரலால் தடவிப் பார்த்தார். பழைய பைப்பின் மரையிலேயே நெடுக்காக நாலு வெட்டுப் போட்டு, அதையே டேப்பாக வைத்து எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டினால் சுத்தமாகிவிடும் என்றார். ஆகிவிட்டது. அவர் முன்பு எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டேன். கையை வடக்கே திருவொற்றியூர்ப் பக்கம் காட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். அந்த வேலை பில்லில் ‘திரெட் ரெஸ்டோரேஷன்’ என்று வந்தது. தொகையை இங்கே எழுதினால் பெரியவர் படித்துவிட வாய்ப்புண்டு.

சீல் மாட்டும்போது பைப் முனையில் ஒட்டு நாடா சுற்றி, உதடு கிழியாமல் இறக்கினார் தம்பி. எண்ணெயை அளவுக் குழாயில் ஊற்றினார், இரண்டு காலுக்கும் மட்டம் ஒன்றாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த விஷயத்தில் மட்டும் கிண்டல் கிடையாது. வேலை என்றால் அதுதான் வேலை. பாய் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். கூடவே, இந்த நேரத்துக்கு நான் நாலு வண்டி முடித்திருப்பேன் என்றும்.

மிச்சமிருந்தது ‘பட்டினா’ என்ற விவகாரம். உள்ளே பைப் புதுசு. வெளியே மூடி பழசாகவே தெரிய வேண்டும், அப்பாவின் துரு அப்படியே இருக்க வேண்டும் என்பது மச்சானின் நிபந்தனை. ஸ்டூடியோ பையன் ஒருவன் விஷயம் தெரியாமல் இடது மூடியைச் சுத்தமாகத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டான். பெரிய ரகளை. பிறகு அந்தப் பெயிண்டைச் சுரண்டி, உப்புத் தண்ணீரும் வினிகரும் மாறி மாறித் தெளித்து, வெயிலில் வைத்து, துருப்பிடிக்க வைத்து, அதற்குமேல் துரு பரவாமலிருக்கத் தெளிவான வார்னிஷ் ஒரு கோட். இத்தனைக்கும் தனிக் கட்டணம். எண்ணூர்ச் சாலையில் இதே சேவை இலவசமாகக் கிடைத்தது.

ஓட்டிப் பார்த்தேன். வண்டி நேராகப் போனது. முன் பிரேக்கைப் பிடித்தேன். ‘டொக்’ இல்லை, வண்டி நாகரிகமாகக் குனிந்து நின்றது. மாமா வண்டியில் பழகிய என் கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்று வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. அதனால் முதல் சில நிமிஷம் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் போய்ப் போய் வந்தேன். பின்னால் வந்த வேன்காரர் என் வம்சத்தை விசாரித்தார்.

பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டியபோது ஆய்வாளர் ஃபோர்க்கைத் தொட்டும் பார்க்கவில்லை. ஏறி ஒரு சுற்று ஓட்டினார், செல்ஃபி எடுத்துக்கொண்டார், அவருடைய அப்பாவும் புல்லட்தான் வைத்திருந்தார் என்றார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

இப்போது வண்டி அத்தை வீட்டு ஹாலில் நிற்கிறது, டிவிக்குப் பக்கத்தில். அடியில் எண்ணெய் சொட்டுமென்று அத்தை பழைய பழக்கத்தில் ஒரு தாம்பாளம் வைத்திருக்கிறார். சொட்டுவதில்லை. அதில் சாவிக்கொத்தும் மின்சார பில்லும் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பேட்டரிக்காகக் கிளப்பி வைக்க வேண்டும். தெருமுனை வரை போய் வரலாம், மழை மேகம் இருந்தால் கூடாது, இது மச்சானின் உத்தரவு. “அவரு இந்த வண்டிய ஓட்டினப்ப நேரா போகல, இப்ப நேரா போகுது, ஓட்ட மாட்டேங்குறீங்க” என்று அத்தை சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

கழற்றிய பழைய பைப் இரண்டையும் ஸ்டூடியோக்காரர்கள் பெயர்ச்சீட்டுக் கட்டித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றின் தலையில் அந்த நாலு வெட்டு. புதுப்பேட்டையில் கிலோ கணக்கில் போகிற சரக்கு. மச்சானுக்கு வேறு யோசனை: நியூ ஜெர்சியில் ஹால் சுவரில் பதித்து, நடுவில் விளக்குப் போடுவானாம். அனுப்பச் சொன்னான். பாரிமுனையில் ஒரு கூரியர் கடையில் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் பைப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“என்ன பொருள் சார் இது?”

“புல்லட் ஃபோர்க் பைப்மா. பழசு. வளைஞ்சது.”

“வளைஞ்சதை எதுக்கு சார் அனுப்புறீங்க?”

“சுவத்துல மாட்ட.”

“அப்ப ஹோம் டெகார்னு போட்டுடறேன். வேல்யூ எவ்வளவு போடட்டும்?” என்று கேட்டுக்கொண்டே தட்டினார். பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் கம்ப்யூட்டர் தடுத்தது போலிருக்கிறது. “சார், வண்டி பார்ட்ஸ்னா உள்ள ஆயில் இருக்கக்கூடாது. இல்லேன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

“தாராளமா போடறேன்மா. அதுல ஆயில் எந்தக் காலத்துலயும் நின்னதில்ல.”